தண்ணீர் இல்லாத ஊரில் தாகம் எடுத்த சிமென்ட்

சிமென்ட் விற்பவரின் கவலை மூட்டை கடையை விட்டு இறங்கியதும் தீர்ந்துவிடும். அந்த மூட்டைக்குப் பதில் சொல்ல வேண்டியவரின் கவலை அப்போதுதான் தொடங்கும். நான் இரண்டாவது ரகம். உங்களில் வீடு கட்டி நொந்தவர்கள் என்னைப் பார்த்திருக்கக்கூடும். சுவரில் விரிசல், தரையில் புழுதி என்று நீங்கள் கடைக்காரரிடம் சத்தம் போட்ட மறுநாள், கையில் சின்னச் சுத்தியலும் முகத்தில் வரவழைத்த சிரிப்புமாக ஸ்கூட்டியில் வந்து இறங்கினாளே ஒருத்தி, அவள் நான்தான். பெயர் வசந்தி. கம்பெனி கொடுத்த பதவி டெக்னிகல் சர்வீஸ் ஆபீசர். நல்ல தமிழில் சொன்னால், சம்பளத்துக்குத் திட்டு வாங்குபவள்.

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் எனக்குத் தாம்பரத்தையும் சுற்றுவட்டாரத்தையும் ஒதுக்கினார்கள். கூடவே ஸ்லாக் சிமென்டையும் என் தலையில் கட்டினார்கள். இரும்பு உருக்கும் உலையில் மேலே ஒதுங்கும் கசடைக் குளிரவைத்து, மாவாக அரைத்து, சிமென்டில் ஒரு பங்குக்குப் பதிலாகச் சேர்த்தால் அதுதான் ஸ்லாக் சிமென்ட். நல்ல சரக்கு. உப்புத் தண்ணீருக்குக்கூட அசையாது. ஆனால் சுபாவம் நிதானம். சாதாரண சிமென்ட் இறுகி முடித்து ஓய்வெடுக்கும்போதும் இது மெதுவாக இறுகிக்கொண்டே இருக்கும், இறுகும் வரைக்கும் அதற்கு ஈரம் வேண்டும். ஈரம் கொடுத்தால் போகப் போக மற்ற சிமென்டையே தாண்டிவிடும். பாதியில் வெயிலில் காயவிட்டால், பூசிய சுவரை விரலால் தடவினாலே மாவாகக் கொட்டும்.

இப்பேர்ப்பட்ட சிமென்டை எங்கள் கம்பெனி சந்தைக்குக் கொண்டுவந்த நேரத்தைப் பாருங்கள். மழை ஏமாற்றி, ஏரி வறண்டு வெடித்து, போர்வெல் காற்றை மட்டும் கக்கி, தாம்பரம் முதல் மேடவாக்கம் வரை தெருவுக்குத் தெரு பிளாஸ்டிக் குடங்கள் வரிசையில் நின்ற காலம் அது. என் ஏரியாவில் இந்தச் சிமென்டை வாங்கி அடுக்கச் சம்மதித்த ஒரே பெரிய டீலர், கோவிலம்பாக்கத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருந்த தனபால் அண்ணாச்சி. அவரும் கைவிட்டால் ஏரியாவையே மூடிவிட்டு, என்னை ஆந்திராவில் இருந்த ஃபேக்டரி லேபுக்கு மாற்றிவிடுவார்கள். என் வீட்டுக்காரருக்கு மறைமலை நகரில் கார் உதிரிபாகக் கம்பெனியில் வேலை. மகள் அப்போதுதான் குரோம்பேட்டையில் ஒன்றாம் வகுப்பு சேர்ந்திருந்தாள். மாற்றினால் அவர்களை விட்டுவிட்டு நான் தனியாக ஆந்திராவில் சமைத்துச் சாப்பிட வேண்டியதுதான். எங்கள் மேனேஜர் நல்லவர்தான், ஆனால் எதையும் சுற்றி வளைத்துச் சொல்லத் தெரியாது. ஏரியாவை ஒப்படைத்த அன்றே சொல்லிவிட்டார்: "வசந்தி, அண்ணாச்சி கடையிலேருந்து இந்தச் சரக்கு எந்த வண்டியில திரும்பி வருதோ, அதே வண்டியில நீங்க ஏறிக்கலாம்."

பச்சை

முதல் அழைப்பு ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து வந்தது. வங்கியில் அதிகாரியாக இருந்த ஒருவர் வீடு கட்டிக்கொண்டிருந்தார். குளியலறையில் பைப் பதிக்கச் சுவரை வெட்டிய பிளம்பர், செங்கல் இடுக்கில் இருந்த கலவை உள்ளே நீலமும் பச்சையுமாக இருப்பதைப் பார்த்துவிட்டார். 'சிமென்டில் மயில்துத்தம் கலந்துவிட்டார்கள்' என்று அவர் ஒரு போடு போட, அதிகாரி அண்ணாச்சிக்குப் போன் அடிக்க, அண்ணாச்சி எனக்கு அடித்தார்.

நான் போய் விளக்கினேன். "சார், இது ஸ்லாக்கோட குணம். காத்து படாத இடத்துல இப்படித்தான் நிறம் தெரியும். வெட்டின இடத்தைத் திறந்தே வைங்க, காத்து பட்டதும் தானா வெளுத்துடும்." வங்கிக்காரர் அல்லவா, வாய் வார்த்தையை நம்பவில்லை. நாலைந்து நாள் கழித்து வந்து பாருங்கள் என்றார்.

போனேன். முதலில் வெட்டிய இடம் நான் சொன்னபடியே சாம்பல் நிறமாக மாறியிருந்தது. ஆனால் பக்கத்தில் ஒரு குழி, அதற்குப் பக்கத்தில் இன்னொன்று, கதவுக்கு மேலே ஒன்று, ஜன்னலுக்குக் கீழே ஒன்று. தினமும் ஆபீஸ் போகும் முன் ஓர் இடத்தில் உளி வைத்துத் தட்டி, பச்சை இருக்கிறதா என்று பார்த்து, சாயங்காலம் வந்து வெளுத்துவிட்டதா என்று சரிபார்த்திருக்கிறார். என்னைப் பார்த்ததும் மரியாதையாக ஒப்புக்கொண்டார்: "நீங்க சொன்னது கரெக்டுதான் மேடம், பச்சை போயிடுச்சு. ஆனா பாத்ரூமும் போயிடுச்சே, அதுக்கு என்ன பண்றது?"

முட்டை வாடை

மேற்குத் தாம்பரத்தில் ஒரு மாமி, வீட்டு வேலை நடக்கும் இடத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து மேற்பார்வை செய்பவர். சுத்த சைவம். வேலையாட்களும் மனைக்குள் அசைவம் சாப்பிடக்கூடாது என்று முதல் நாளே சத்தியம் வாங்கியிருந்தார். பூஜை அறை மாடத்தின் அளவு தப்பாகப் போனதால், இரண்டு நாளுக்கு முன் வைத்த கலவையைக் கொத்தனார் கொத்தி எடுத்தார். அடுத்த நிமிஷம் பூஜை அறை முழுக்க அழுகின முட்டை வாடை.

நான் போய்ச் சேர்ந்தபோது விசாரணை முடிந்துவிட்டிருந்தது. கழுவிய டிபன் பாக்ஸ்கள் மூடி திறந்தபடி வரிசையாக வெயிலில் காய்ந்தன. கொத்தனாரும் ஆட்களும் தலை குனிந்து நின்றார்கள். எனக்கு வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டு, கொத்திப் போட்ட கலவையில் ஒரு துண்டை எடுத்து உடைத்து மாமியிடம் நீட்டினேன். கசடில் கொஞ்சம் கந்தகம் இருக்கும். புதுக் கலவையை உடைத்தால் அந்த வாடை வரும், காற்றோட்டத்தில் போய்விடும். மாமி முகர்ந்து பார்த்தார். முகம் தெளிந்து, ஆட்கள் எல்லோரிடமும் பெருந்தன்மையாக மன்னிப்புக் கேட்டு, காபி போடச் சொல்லி அனுப்பினார்.

நான் ஸ்கூட்டியைக் கிளப்பும்போது கொத்தனார் பின்னாலேயே வந்தார். நன்றி சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "வாடை உங்க சிமென்ட்டோடதுதான் மேடம், நான் ஒத்துக்கறேன். ஆனா அதுக்கு பயந்து நாங்க காவாயில கொட்டுனது நெஜ ஆம்லெட்டு."

டிரம்முக்குள் செல்லப்பிள்ளை

பல்லாவரத்தில், வெள்ளிக்கிழமைச் சந்தை கூடும் இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி, வரிசைக் கடைகள் கட்டிக்கொண்டிருந்தார் கான்ட்ராக்டர் பாஸ்கர். மனை உரிமையாளர் கலவையின் பலத்தைச் சோதித்துக் காட்டச் சொல்லியிருந்தார். அதற்காகச் சுவருக்குப் போடும் கலவையிலிருந்தே கொஞ்சம் எடுத்துச் சின்னச் சின்ன கட்டிகளாக வார்த்து லேபுக்கு அனுப்ப வேண்டும். கியூப் என்பார்கள். லேபில் அதை நசுக்கிப் பார்த்து எத்தனை பாரம் தாங்குகிறது என்று சொல்வார்கள்.

பாஸ்கர் என்னைப் பெருமையோடு அழைத்துப்போய்க் காட்டினார். தகர ஷெட்டின் நிழலில் ஒரு நீல டிரம். அதற்குள் சுத்தமான லாரித் தண்ணீர். தண்ணீருக்குள் கியூப்கள் நிம்மதியாகப் படுத்திருந்தன. தூசி விழக்கூடாது என்று மேலே ஒரு மூடி, மூடி மேல் ஒரு கல். தண்ணீரையும் வாரம் ஒருமுறை மாற்றுகிறாராம். என் பிள்ளையைக்கூட நான் அப்படிக் கவனித்ததில்லை. ஷெட்டுக்கு வெளியே வந்து பார்த்தால், அதே கலவையில் எழுப்பிய சுவர் சித்திரை வெயிலில் வறண்டு வெளுத்து நிற்கிறது. பூசியதிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் பார்த்த அடையாளம் இல்லை. நகத்தால் கீறினேன், நகக்கண்ணில் மாவு ஏறியது.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏன் பாஸ்கர், இந்த டிரம் தண்ணியில பாதியையாவது சுவருக்கு ஊத்தக்கூடாதா? ரெண்டும் ஒரே கலவைதானே?" என்று கேட்டேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். இவ்வளவு படித்தும் இந்த அம்மாவுக்கு இது தெரியவில்லையே என்ற பார்வை. "இன்னா மேடம் நீங்க, லேபுக்குப் போறது கியூப்புதானே? செவுரு எங்க போவப்போவுது?"

தெளிப்பும் முழுக்கும்

தேவசகாயம் சார் சேலையூர்க்காரர், தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டு மாடியில் புதிதாக ஓர் அறை கட்டியிருந்தார். 'தினமும் தவறாமல் தண்ணீர் விடுகிறேன், ஆனாலும் பூச்சு உதிர்கிறது' என்பது அவருடைய புகார். பொய் சொல்கிறவர் அல்ல. அதனால் எனக்கே குழப்பமாகிவிட்டது. எப்படித் தண்ணீர் விடுகிறீர்கள் என்று செய்து காட்டச் சொன்னேன்.

காலை ஜெபம் முடித்து, வெள்ளை வேட்டியில் மாடிக்கு வந்தார். கையில் ஒரு சின்ன எவர்சில்வர் சொம்பு. விரல்களைத் தண்ணீரில் நனைத்து, சுவரின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை பயபக்தியோடு உதறிக்கொண்டே போனார். அவர் அந்த முனைக்குப் போவதற்குள் இந்த முனை காய்ந்துவிட்டது. தண்ணீர்ப் பஞ்சத்தில் இவ்வளவுதான் முடியும் என்று அவரும் சொன்னார், அதுவும் நியாயம்தான்.

"சார், மேலாப்புல நனைஞ்சா போதாது, பூச்சுக்குள்ள ஈரம் நிக்கணும். ஒரு வாரமாவது ராத்திரி பகல் காயவே கூடாது" என்றேன். ஒரு ஓரத்தில் சொம்புத் தண்ணீர் முழுவதையும் மெதுவாக வழியவிட்டு, சுவர் அதை எப்படிக் குடிக்கிறது என்று காட்டினேன். உறிஞ்சும் சத்தமே கேட்டது. தேவசகாயம் சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு யோசித்தார். பிறகு ஆசிரியர் குரலில் தீர்ப்புச் சொன்னார்: "எங்க சபையில ஞானஸ்நானத்துக்குத் தெளிச்சாலே போதும்மா. உங்க சிமென்ட்டு முழுக்கு ஞானஸ்நானம் கேக்குற சபை போலிருக்கு."

குடங்களுக்கு நடுவே

இதுவரை சிரித்தீர்கள். இது சிரிப்பு வராத சம்பவம். சிட்லபாக்கத்தில் ஒருவர் என் பேச்சை அப்படியே கேட்டு, தனியார் தண்ணீர் லாரியை வரவழைத்துத் தொட்டியை நிரப்பிவிட்டார். எப்படி ஊற்ற வேண்டும் என்று காட்ட நானே டியூபைக் கையில் பிடித்துத் தெருப்பக்கச் சுவரில் மேலிருந்து வழியவிட்டேன். தண்ணீர் சுவரில் இறங்கி, தரையில் ஓடி, தெருவுக்கு வந்தது. தெருவில் பஞ்சாயத்து லாரிக்காகக் காலையிலிருந்து குடங்களோடு பெண்கள் காத்திருந்ததை நான் கவனிக்கவில்லை.

யாரும் சண்டைக்கு வரவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஒருத்தர் மட்டும் குடத்தை இடுப்பில் வைத்தபடி கேட்டுக்கு அருகே வந்து, ஓடுகிற தண்ணீரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். நான் டியூபை மடக்கிப் பிடித்தேன். வீட்டுக்காரரிடம் கேட்காமலே, "அக்கா, குடத்தைக் கொண்டாங்க" என்றேன். வரிசையில் நின்ற எல்லாக் குடங்களும் நிறைந்தன. வீட்டுக்காரரும் பாவம், மறுத்துப் பேசவில்லை. வெட்கத்தில் எனக்கு அன்று மத்தியானச் சாப்பாடு இறங்கவில்லை. ஃபேக்டரிக்குப் போவதே மேல், இந்த ஊரில் இந்தச் சிமென்டை விற்பதே பாவம் என்றுகூடத் தோன்றியது. அந்த அக்கா குடம் நிறைந்ததும் கோபமில்லாமல்தான் சொன்னார்: "சுவத்துக்குத் தாகம்னா டியூப் போட்டு ஊத்துறீங்க. எங்களுக்குத் தாகம்னா லைன்ல நில்லுங்கன்றீங்க."

திருஷ்டி பொம்மை

அன்றிலிருந்து டியூபைத் தொடுவதில்லை என்று முடிவு செய்தேன். குறைந்த தண்ணீரில் நிறைய நேரம் ஈரம் நிற்க வழி இருக்கிறது. சணல் சாக்கை நனைத்துச் சுவரில் போர்த்திவிட்டால், காலையில் ஒரு பக்கெட், சாயங்காலம் ஒரு பக்கெட் போதும். பாத்திரம் அலசிய தெளிந்த நீர்கூடப் போதும், சோப்பு மட்டும் இருக்கக்கூடாது. பாடப் புத்தகத்தில் உள்ளதுதான், நான் ஒன்றும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை.

போன இடமெல்லாம் 'சாக்கு, சாக்கு' என்று சொன்னேன். யாரும் சம்மதிக்கவில்லை. பார்த்துப் பார்த்துக் கட்டும் வீட்டில் சாக்கைத் தொங்கவிடுவதா? சம்பந்தி வீட்டார் பார்த்தால் என்ன நினைப்பார்கள்? புது வீட்டுக்குச் சாக்குப் போர்த்துவது தரித்திரம் என்றுகூட ஒருவர் சொன்னார். அண்ணாச்சியிடம் வந்து, கடையிலேயே பழைய சாக்கும் வைத்து விற்கலாமே என்று யோசனை சொன்னேன். "எம்மா, நான் ஹார்டுவேர் கடை வச்சிருக்கேனா, வெங்காய மண்டி வச்சிருக்கேனா?" என்று விழுந்து விழுந்து சிரித்தார்.

மாடம்பாக்கத்தில் ஒரே ஒருவர், நான் விடாமல் நச்சரித்ததால், முன்பக்கச் சுவருக்கு மட்டும் கட்டினார். மறுநாளே அவிழ்த்துவிட்டார். ஏன் என்று கேட்டதற்கு அவர் சொன்னது: "ஊர் கண்ணு படக்கூடாதுன்னு திருஷ்டி பொம்மை கட்டினேன் மேடம். சாக்கு கட்டினதும் அந்த பொம்மையே என் வீட்டைப் பார்த்து பயந்த மாதிரி இருந்துச்சு."

அண்ணாச்சியின் சுவர்

எது நடக்கக்கூடாது என்று பயந்தேனோ அது ஒரு திங்கட்கிழமை காலையில் நடந்தது. அண்ணாச்சி கடையை ஒட்டிய குடோனுக்குப் புதிதாகக் காம்பவுண்ட் சுவர் எழுப்பி, எங்கள் சிமென்டில் பூசியிருந்தார். பூசி மூன்று வாரம் ஆகியிருக்கும். போனில் குரல் இடித்தது: "எம்மா, ஊரான் சுவர் உதிர்ந்தப்பல்லாம் உங்க பக்கம் நின்னு பேசினேன். இப்ப என் சுவரே உதிருது. கடைக்கு வார்றவன் சாஞ்சு நின்னா சட்டையெல்லாம் வெள்ளையாப் போகுது. மிச்ச மூட்டையை ஏத்திவிட லாரிக்குச் சொல்லிட்டேன், பாத்துக்கிடுங்க."

குரோம்பேட்டையிலிருந்து கோவிலம்பாக்கம் வரை எப்படி ஸ்கூட்டி ஓட்டினேன் என்று தெரியாது. மனசுக்குள் ஆந்திராவுக்குப் பெட்டி கட்டி, மகளின் சீருடையை மடித்து வைத்துக்கொண்டே போனேன். அந்தப் பக்கத்து விவசாயக் கிணறுகளில் மட்டும் தண்ணீர் இருந்ததால், சென்னைக்குப் போகும் தண்ணீர் லாரிகள் எல்லாம் அண்ணாச்சி கடை வாசல் வழியாகத்தான் தளும்பிக்கொண்டே போகும். எனக்கு முன்னாலும் ஒன்று, பின்னாலும் ஒன்று.

சுவர் மேற்கு பார்த்தது. மத்தியான வெயில் முழுவதும் அதன் மேல்தான். ஸ்கூட்டிச் சாவியால் கோடு இழுத்தேன். பொலபொலவென்று கொட்டியது. "அண்ணாச்சி, தண்ணி ஊத்தினீங்களா?" என்று கேட்டேன். வருகிற வாடிக்கையாளர்களுக்கெல்லாம் தண்ணீர் விடுவதைப் பற்றி என் பாடத்தை மனப்பாடமாக ஒப்பிப்பவர் அவர். தெருவைப் பார்த்தார். ஒரு லாரி தண்ணீரைச் சிந்திக்கொண்டே போயிற்று. பெருமூச்சு விட்டுச் சொன்னார்: "ரோட்டுக்கு ஊத்துதானுவளே, கொஞ்சம் சுவருக்கும் ஊத்திட்டுப் போங்கடான்னு கையைக் காட்டினேன். ஒரு பய நிறுத்தலை."

கன்னியம்மாவின் இடம்

தப்பு சிமென்டின் மேல் இல்லை என்று எப்படி நிரூபிப்பது? 'நீங்கள் தண்ணீர் விடவில்லை' என்று சொன்னால், 'விடாமலே நிற்கிற சிமென்டை விற்றுக்கொள்கிறேன்' என்பார். லாரி வேறு வந்து நின்றுவிட்டது. வேறு வழி தோன்றாமல் சாவியைச் சுவரில் வைத்து இழுத்துக்கொண்டே நடந்தேன். மாவு கொட்டிக்கொண்டே வந்தது. தெருமுனைக்கு வரும் இடத்தில் திடீரென்று சாவி 'கிறீச்' என்று வழுக்கியது. அழுத்திக் கீறினேன். சுவரில் கோடு விழவில்லை, சாவிதான் தேய்ந்தது. இரண்டு ஆள் அகலத்துக்கு, இடுப்பு உயரத்துக்கு மேல் வரை, சுவர் கருங்கல்லாக இருந்தது. அதைத் தாண்டினால் மறுபடியும் மாவு.

அந்த இடத்துக்குக் கீழே கன்னியம்மா உட்கார்ந்து மீன் விற்றுக்கொண்டிருந்தாள். நீலாங்கரைக் குப்பத்திலிருந்து தினமும் விடியலில் வேன் பிடித்து வருபவள். மீன் கூடைக்கு ஐஸ் போட்டு மூடிவரும் சாக்குகளை, சொட்டச் சொட்ட அண்ணாச்சியின் புதுச் சுவரில் போட்டு, காயக்காயக் கூடைத் தண்ணீரையே அள்ளித் தெளித்துக்கொண்டிருப்பாள். முதுகுக்குக் குளிர்ச்சி, மீனுக்கும் குளிர்ச்சி. போகும்போது மீந்த ஐஸைச் சாக்கிலேயே சுற்றிச் சுவர் மேல் வைத்துவிட்டுப் போவாள். பூச்சு வேலை முடிந்த மறுநாளே ஆரம்பித்த பழக்கமாம். சுவர் நாறுகிறது என்று அண்ணாச்சி அவளோடு தினமும் மல்லுக்கு நின்றிருக்கிறார். சாக்கை இவர் எடுத்துப் போட, அவள் திரும்பப் போட, இப்படியே போயிருக்கிறது.

நான் சாவியை அண்ணாச்சி கையில் கொடுத்தேன். முதலில் இந்தப் பக்கம் கீறினார், கொட்டியது. கன்னியம்மாவின் இடத்தில் கீறினார், வழுக்கியது. மறுபடியும் இங்கே, மறுபடியும் அங்கே. "ஒரே மூட்டை, ஒரே கொத்தனார், ஒரே நாள் பூச்சு அண்ணாச்சி" என்று மட்டும் சொன்னேன். அங்கங்கே கொஞ்சம் உப்புப் பூத்திருந்ததையும் மறைக்காமல் காட்டினேன். மீன் தண்ணீர் ஆயிற்றே, அதைத் துடைத்தால் போய்விடும். கன்னியம்மா இந்த நாடகத்தை எல்லாம் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள். விஷயம் புரிந்ததும் மீன் வெட்டுகிற கையை நிறுத்தினாள். "இன்னா அண்ணாச்சி, டெய்லி சாக்க எடு சாக்க எடுன்னு கூவிகினு இருந்தியே, நான் எட்த்திருந்தா உன் செவுத்துல இந்தத் துண்டாச்சும் நின்னிருக்குமா?"

லாரி திரும்பிய கதை

லாரிக்காரர் மூட்டை ஏற்றலாமா என்று கேட்டார். அண்ணாச்சி ஒரு நிமிஷம் சுவரைப் பார்த்தார், ஒரு நிமிஷம் கன்னியம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. பிறகு லாரிக்காரரைக் கோயம்பேட்டுக்கு அனுப்பினார், பழைய சணல் சாக்கு வாங்கிவர. அன்று சாயங்காலமே சுவர் முழுக்க நனைந்த சாக்கு. ஈரம் கிடைத்ததும் பாதியில் நின்றுபோன சிமென்ட் மறுபடி இறுக ஆரம்பித்தது. வெயில் மிக மோசமாகத் தின்ற இடங்களைச் சுரண்டி எடுத்து மறுபூச்சு பூச வேண்டியிருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், நான் ஒன்றும் மந்திரக்காரி இல்லை. கன்னியம்மாவின் இடத்தை மட்டும் யாரும் தொடவில்லை. அண்ணாச்சி கடைக்கு வருகிறவர்களை முதலில் அங்கே அழைத்துப்போய், கையில் ஒரு ஆணியைக் கொடுத்து, கீறிப் பாருங்கள் என்பார். அப்படியே அவர்கள் கால் கிலோ சங்கரா மீனும் வாங்கிப் போவார்கள்.

எனக்கு உயிர் வந்தது. வீட்டில் அன்று பாயசம். ஆனால் இரண்டு வாரத்தில் மேனேஜரிடமிருந்து போன், குரலில் கடுப்பு. அண்ணாச்சி மேல் நாலு வாடிக்கையாளர்கள் கம்பெனிக்கே புகார் செய்திருக்கிறார்கள். சாக்கைக் கொண்டுவந்து கண்ணில் காட்டாதவருக்கு ஒரு மூட்டைகூடக் கொடுக்க மாட்டேன் என்று திருப்பி அனுப்புகிறாராம். நான் பதறிப்போய் கோவிலம்பாக்கம் ஓடினேன். கடையின் ஒரு பக்கம் சிமென்ட் மூட்டை, மறுபக்கம் கூரை தொட சணல் சாக்கு. கல்லாவில் அண்ணாச்சி, எதிரே ஒரு வாடிக்கையாளர் கெஞ்சிக்கொண்டிருந்தார். ஏன் அண்ணாச்சி இப்படி, கம்பெனியில் கோபப்படுகிறார்களே என்றேன். துளியும் அலட்டிக்கொள்ளாமல் சொன்னார்: "உங்க மேனேஜரை இங்க வரச்சொல்லுங்க எம்மா, சாக்கு இருந்தா அவருக்கும் தாரேன். இந்த ஏரியாவுல இனிமே ஒரு சுவர் உதிர்ந்துச்சுன்னா உங்களை ஆந்திராவுக்கு அனுப்பிருவாங்களாம்லா, அப்புறம் என்கிட்ட திட்டு வாங்க யாரு வருவா?"

பயோடேட்டாவில் 'மீன் சாக்கு' என்று எழுத இடம் இல்லாததால், நான் தாம்பரம் ஏரியாவில் இத்தனை வருஷம் நிலைத்ததற்குக் காரணம் என் தொழில்நுட்பத் திறமைதான் என்றே இன்றுவரை போகிற இடமெல்லாம் எழுதிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.